தையல் மிஷினோடு ஒரு பெண்

ஆறடி உயரத்துக்குத் தன்னையே சுவரில் படமாக மாட்டி வைத்திருப்பதைப் பார்த்த தையற்கடைக்காரி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

சந்தேகமே இல்லை. அவளேதான். இடுப்பளவு தண்ணீர், தலையில் தையல் மிஷின், முகத்தில் பேய் துரத்துகிற அவசரம்.

கீழே எழுதியிருந்தார்கள்: 'பெருவெள்ளத்தில் தன் தையல் மிஷினைக் காப்பாற்றிச் செல்லும் பெண். பெயர் தெரியவில்லை.'

பெயர் தெரியாத வரைக்கும் பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு ஊர் சுற்றிப் பார்க்கிற பயணத்துக்கு மகள்தான் டிக்கெட் எடுத்திருந்தாள். மூன்றாவதாக இந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இவள் யோசித்தாள். அப்புறம், இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று, நம்மை யாருக்குத் தெரியப்போகிறது என்று தைரியமாக பஸ் ஏறிவிட்டாள். நகர வரலாற்று அருங்காட்சியகம் என்றால் வாளும் கேடயமும் உடைந்த பானையும் இருக்கும். தானே இருப்போம் என்று எவள் எதிர்பார்ப்பாள்?

வழிகாட்டிப் பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு உருகினாள். வீடு வாசல், நகை நட்டு எல்லாம் போனால் போகட்டும் என்று உழைப்பை மட்டும் தலையில் தூக்கிக்கொண்ட தாயாம். வந்திருந்த முப்பது பேரும் உச்சுக் கொட்டினார்கள். வெளியே போகும்போது இந்தப் படம் போட்ட காபிக் கோப்பை கிடைக்கும் என்றும் சொன்னாள். மகள் இரண்டு வேண்டும் என்று விரலைக் காட்டினாள்.

தாய் என்பது மட்டும் நிஜம். வயிற்றில் அப்போது மூன்று மாதம். மிஷின் அவள் வேலை பார்த்த தையற்கடை மாஸ்டருடையது.

நாலு வருஷம் அவர் கடையில் காஜா எடுத்து, பட்டன் தைத்து, தினமும் அந்த மிஷினுக்கு எண்ணெய் விட்டவள் அவள். அதில் உட்காரத்தான் அனுமதி இல்லை. பொம்பளைக் கைக்கு மிஷின் ஓடாது என்பார் மாஸ்டர். வெள்ளம் கடைப் படியேறிய அன்று இரண்டு திருகைக் கழற்றினாள், மேல் பாகத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள், நடையைக் கட்டினாள். இரும்பு ஸ்டாண்டைத் தூக்க முடியவில்லை, விட்டுவிட்டாள். வெள்ளத்தோடு போயிற்று என்று மாஸ்டர் தலைமுழுகிவிடுவார் என்பது அவள் போட்ட கணக்கு. ஸ்டாண்டை விட்டுவிட்டு மிஷினை மட்டும் அடித்துக்கொண்டு போக வெள்ளத்துக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியுமா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. எங்கேயோ ஒருவன் கேமராவோடு நின்றதையும் பார்க்கவில்லை.

அந்த மிஷின்தான் மகளை வளர்த்தது, படிக்க வைத்தது. இப்போது கடையில் ஆறு மிஷின் ஓடுகிறது. பழையது வாசலருகே பளபளவென்று நிற்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், எங்கம்மா உழைத்து வாங்கிய முதல் மிஷின் என்று காட்டாவிட்டால் மகளுக்குப் பொழுது போகாது. அந்த நேரம் பார்த்து இவள் குனிந்து கத்தரிக்கோலைத் தேடுவாள்.

அந்த மகள்தான் படத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள், தானும் அந்தப் படத்துக்குள் இருப்பது தெரியாமல்.

"அம்மா, அப்படியே உன்ன மாதிரியே இருக்காங்க! மிஷின்கூட நம்மளுது மாதிரியே இருக்கு!"

"அந்தக் காலத்து மிஷின் எல்லாம் ஒரே அச்சுதான். வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஊரே கூடிக் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம். மகளுக்கு மட்டும் தெரியக் கூடாது. அந்தப் பிள்ளை பெருமைப்பட்டுக்கொள்வதே இந்த ஒன்றை வைத்துத்தான்.

அதற்குள் வழிகாட்டி கூட்டத்தைப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குத் திருப்பிவிட்டாள்.

உள்ளே ஓர் இரும்பு ஸ்டாண்டு. மிதிபலகை, சக்கரம், தோல் பெல்ட்டு எல்லாம் இருந்தன. மேலே மிஷின் இல்லை.

பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மகளின் கையை இவள் விட்டுவிட்டாள்.

படத்தை மாட்டிய புதிதில் பழைய தெருக்காரர் ஒருவர் வந்து, இது மாஸ்டரின் மிஷின், இவள் திருடிக்கொண்டு போகிறாள் என்று சத்தம் போட்டாராம். அடுத்த வாரமே அந்த மாஸ்டர் தள்ளுவண்டியில் இந்த ஸ்டாண்டை ஏற்றிக்கொண்டு வந்தாராம். தன் கையாலேயே ஓர் அட்டை எழுதிக் கொடுத்தாராம். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டதற்கு மட்டும், மறந்துபோயிற்று என்று சொல்லிவிட்டாராம். இப்போது அவரும் உயிரோடு இல்லையாம்.

நாலு வருஷம், நாளைக்கு நாற்பது தடவை அவர் கூப்பிட்ட பெயர்.

மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அட்டையைச் சத்தமாகப் படித்தாள்: 'இதன் மிஷின் எங்கள் கடைப் பெண்ணிடம் இருக்கிறது. அவள் திருடவில்லை. வெள்ளம் வந்த அன்று நான்தான் அவளைக் கூப்பிட்டு, இதை எடுத்துக்கொண்டு போய்ப் பிழைத்துக்கொள் என்று கொடுத்தேன்.'

"எவ்ளோ நல்ல மனுஷன் பாரும்மா! அவரே தூக்கிக் கொடுத்திருக்காரு."

இருபத்தெட்டு வருஷமாக அந்த மனிதரை மனசுக்குள் திட்டித் திட்டித்தான் தன் குற்றத்தை ஆற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆமாம் என்று ஒரு தடவை தலையாட்டிவிட்டால் போதும், எல்லாம் சுபமாக முடிந்துவிடும். கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"இல்லடி," என்றாள். "மாஸ்டர் அன்னிக்கு ஊர்லயே இல்ல."