கிளச் பெடலின் வலது ஓரம்

“முனீப் தம்பி, உங்கட இடக்காலில ஏதும் வருத்தமோ?”

வண்டியின் டாஷ்போர்ட்டுக்குக் கீழே தலையை விட்டுக் கிடந்தபடியே மெக்கானிக் இராசநாயகம் கேட்டார்.

நான் சுற்றிப் பார்த்தேன். நல்லவேளை, லிங்கநகர் கராஜில் அந்த நேரம் வேறு யாரும் இல்லை. துறையில் மீன் எடுத்து விற்கிறவனுக்கு வருத்தம், நோய் என்று ஒரு கதை கிளம்பினால் போதும். மீன்காரர் எல்லோரும் இரக்கப்படுவார்கள். இரக்கப்பட்டுக்கொண்டே மீனை அடுத்தவனுக்குக் கொடுப்பார்கள்.

“எனக்கு ஒண்டுமில்ல அண்ணன். காலை விடுங்க, கிளச்சைப் பாருங்க.”

மிதித்தால் பெடல் பக்கவாட்டில் ஆடியது. கியர் போடும்போது உள்ளே யாரோ தகரத்தைக் கடிப்பதுபோல் சத்தம். இந்தப் பழைய பிக்கப் என்னிடம் வந்து மூன்று மாதம்தான்.

அதற்கு முன் பதினாறு வருடம் அது அர்ஷாக்கின் வண்டி.

கிண்ணியா அர்ஷாக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் போதாது. எரிய வயிறும் போதாது.

இருவரும் ஒரே துறையில்தான் மீன் எடுத்தோம். நான் விடியுமுன்னே போய், முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு படகாகக் கெஞ்சுவேன். அவன் ஆறுதலாக வருவான். கடைசி இரண்டு வருடம் வண்டியை விட்டு இறங்குவதுகூட இல்லை.

ஹோர்ன் அடிப்பான். பாரை மீனும் அறுக்குளா மீனும் தாங்களாகவே நடந்துபோய் அவன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கும். செவுளை விரித்துக் காட்டச் சொல்வான், புரட்டிப் போடச் சொல்வான், எல்லாம் இருந்த இருப்பில்.

திரும்பிப் போகும்போது சந்தியில் இன்ஜின் நின்றுவிடும். பின்னால் பத்து வண்டி கத்தும். அவன் அவசரப்படாமல் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவான்.

‘ராசா போறார்’ என்று நான்தான் பெயர் வைத்தேன். துறை முழுக்கப் பரவியது. எனக்கும் ராசாவாக ஆசை இருந்தது. அதை மட்டும் பரப்பவில்லை.

அவன் வண்டியை விற்கப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் பறந்துபோய் வாங்கினேன். ஓடாத வண்டியாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த இருக்கை.

மறுநாளே துறையில் கொண்டுபோய் நிறுத்தி, இறங்காமல் ஹோர்ன் அடித்தேன்.

ஒரு பூனை வந்தது.

விடாமல் ஒரு கிழமை அடித்தேன். கடைசியில் சல்லிக் கிராமத்திலிருந்து வரும் மீன்காரன் டிலக்சன் கிட்ட வந்தான். “என்ன நானா, ஹோர்ன் இறுகிட்டுதோ? கழட்டிப் பாக்கட்டோ?”

அர்ஷாக் இப்போது துறைக்கே வருவதில்லை. வீட்டிலிருந்து போனில் கதைக்கிறான், ஒரு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. வண்டி என்னிடம். நல்ல மீன் இன்னும் அவனிடம்.

இராசநாயகம் வெளியே வந்தார். கழற்றிய பெடலைத் துணியால் துடைத்து என் கையில் தந்தார்.

“இந்த றப்பரைப் பாருங்கோ.”

றப்பரின் இடது பாதி புதிதுபோல் இருந்தது. அதன் கோடுகள்கூட அழியவில்லை. வலது ஓரம் மட்டும் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. பெடல் ஆடும் அச்சில் இருந்த புஷ் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் முட்டை மாதிரி நீண்டிருந்தது.

“இடக்கால் மிதிச்சு இப்பிடித் தேயாது தம்பி. வலக்காலைக் குறுக்கால கொண்டுவந்து மிதிச்சிருக்கு. கிளச்சுக்கும் அந்தக் கால்தான், பிரேக்குக்கும் அந்தக் கால்தான். றப்பர் போட்டு ரெண்டு வருசம் இருக்கும், முழுக்க இப்பிடித்தான் ஓடியிருக்கு.” வியர்வையைத் துடைத்தார். “ஒத்தைக் காலால ஓடினவன் விண்ணன்தான். ஆர் அது?”

நான் றப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

துறையில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே தெரியாதென்றால் ஒருவருக்கும் தெரியாது.

அப்போதும் முதலில் வந்தது பொறாமைதான். இரண்டு வருடம் ஒரு துறையையே ஏய்த்திருக்கிறான். எனக்கு இரண்டு நாள் தடிமனையும் தும்மலையும் மறைக்க ஏலாது.

ஒரு பெயர் சொன்னால் போதும். கராஜில் சொன்னது விடியுமுன் துறைக்குப் போய்விடும். அறுக்குளா முழுக்க என் ஜன்னலுக்கு வரும்.

“கண்டிப் பக்கத்து ஆள் ஒருத்தர், அண்ணன். உங்களுக்குத் தெரியாது.”

“கண்டியோ? மலையில ஓடின வண்டி முழுக்கக் கடலுப்புக் கறள் பிடிச்சிருக்கு?”

“புஷ்ஷை மாத்துங்க அண்ணன், றப்பரையும் மாத்துங்க.”

பழைய றப்பரைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டி வாங்கப் போன அன்று அர்ஷாக் கதிரையை விட்டு எழும்பவில்லை. சாவியை அவன் மனைவி சனூஸாதான் கொண்டுவந்து தந்தார். எவ்வளவு திமிர் என்று நினைத்தேன்.

சித்திரை வெயில் கொளுத்தியது. அவனோ இடுப்பிலிருந்து நிலம்வரை தடித்த போர்வை போர்த்தியிருந்தான். போர்வைக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு கிடந்தது. மற்றதைத் தேட எனக்கு நேரமில்லை, கண் முழுக்கச் சாவியில்.

“என்ன மச்சான் போர்வை? அறைக்குள்ள ஏசி பூட்டிட்டியா?” என்று கேட்டேன்.

“ஓம்,” என்று சிரித்தான்.

அந்தக் கிழமையே என் வீட்டிலும் ஒரு ஏசி பூட்டினேன்.