அக்காவின் கடவுச்சீட்டு

வரிசையில் இன்னும் நாலு பேர்.

அவள் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டாள். அது அக்காவுடையது. கடவுச்சீட்டுப் படத்தில் அக்கா கண்ணாடியோடுதான் இருந்தாள். இவளுக்கோ கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி வழியே பாரிஸ் விமான நிலையம் முழுவதும் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் தெரிந்தது. கண் எரிந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

கையில் இரண்டு கடவுச்சீட்டுப் புத்தகங்கள். இரண்டும் பிரான்ஸ் நாட்டுடையவை. ஒன்று ஆரபியுடையது, ஐந்து வயது. மற்றது ஆரபியின் அம்மாவுடையது.

ஆரபியின் அம்மா இறந்து இருபத்தாறு நாள்.

பிள்ளைக்கு ஊரைக் காட்டவென்று யாழ்ப்பாணம் வந்த அக்காவை டெங்குக் காய்ச்சல் ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது. ஊர்ப் பதிவில் அவள் செத்தாயிற்று. இந்தப் புத்தகத்தில் இன்னும் நாலு வருடம் இருப்பாள்.

அத்தானால் வர முடியவில்லை. அவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. மனைவியின் செத்த வீட்டை வீடியோவில் பார்த்தார். எட்டாம் நாள் அவர்தான் இந்த யோசனையைச் சொன்னார். பிள்ளையை யார் கொண்டுவருவது, கொண்டுவந்தால் யார் பார்ப்பது என்று கேட்டார். தங்கையான அவளுடைய சொந்த இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை விசா மறுத்திருந்தார்கள். அக்காவும் தங்கையும் ஒரே அச்சு என்பது ஊரறிந்த விஷயம். பெற்றவளே மாறிக் கூப்பிடுவாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தப்பியாயிற்று. அங்கே இருந்தவன் தேதியைப் பார்த்தானே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று பேர்.

பக்கத்து வரிசை அசையவே இல்லை. அதில் உலகத்து நாடெல்லாம் நின்றது. பச்சை, நீலம், கறுப்பு என்று புத்தகங்கள். ஒவ்வொரு புத்தகத்தோடும் ஒரு கோப்பு. அழைப்புக் கடிதம், சம்பளத் துண்டு, ஒருவரிடம் கல்யாண ஆல்பம்கூட. தாங்கள் தாங்கள்தான் என்று காட்ட அவர்களுக்கு அவ்வளவு காகிதம் வேண்டியிருந்தது. இந்த வரிசையில் யாரிடமும் ஒன்றும் இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். பிறந்தால் இந்த வரிசையில் பிறக்க வேண்டும்.

இரண்டு பேர்.

பிடிபட்டால் அவளைத் திருப்பி அனுப்புவார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்றுதான் தெரியவில்லை.

பிரெஞ்சில் அவளுக்குப் பதினொரு வசனம் தெரியும், அத்தான் போனில் சொல்லிக்கொடுத்தவை. விளங்காவிட்டால் நல்லாய்ச் சிரித்து மெர்சி சொல்லு, நன்றி என்று அர்த்தம், எதற்கும் பொருந்தும் என்றிருந்தார்.

பிரெஞ்சைச் சமாளித்துவிடலாம். ஆரபியைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பதினைந்து நாளாகக் கெஞ்சிவிட்டாள். சொக்லேட் கொடுத்தாள். விளையாட்டு என்றாள். ஒருநாள் அடித்தும்விட்டாள், பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யார் கேட்டாலும் இனி நான்தான் அம்மா என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்தது. அப்படியென்றால் சித்தி எங்கே என்று பிள்ளை கேட்டது.

விமானத்தில்கூட அக்கம்பக்கம் கேட்க, "சித்தி, ஒண்டுக்கு வருது" என்றது.

ஒருவர்.

தோளில் நித்திரையாகக் கிடந்த பிள்ளை சரியாக அந்நேரம் பார்த்துக் கண்ணை விழித்தது.

கூண்டுக்குள் இருந்த அதிகாரிக்கு நரைத்த மீசை. படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

வணக்கத்துக்குப் பொன்ஜூர் என்றாள். பதினொன்றில் ஒன்று முடிந்தது.

அவர் ஏதோ கேட்டார். மிச்சம் பத்தில் எதற்கும் அது பொருந்தவில்லை. விமானத்தில் அடைத்த காது இன்னும் திறக்கவில்லை. அவள் பிள்ளையைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிப் பிடித்தாள்.

அவர் எட்டிப் பிள்ளையிடம் கேட்டார்.

பிள்ளை பிறந்த ஊர் இது. பாலர் பள்ளிக்குப் போன ஊர். வந்து இறங்கியதும் அதன் நாக்குக்கு உயிர் வந்துவிட்டது. பொரிந்து தள்ளியது. நடுவில் விரலை நீட்டி அவளைக் காட்டியது. அவளுக்கு ஒரு சொல் பிடிபடவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

போச்சு என்று நினைத்தாள். அக்கா, காப்பாத்து என்று மனதுக்குள் கும்பிட்டாள். அக்காவிடம் இதுவரை அவள் எதையும் கேட்டதில்லை.

அவர் தாழ்ந்த குரலில் அவளிடம் ஏதோ சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார், ஆனால் நீளமாக.

அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"மெர்சி."

அவர் முகம் என்னவோபோல் ஆனது. அவளையே பார்த்தபடி இருந்தார். பிறகு தலையைக் குனிந்து, இரண்டு புத்தகங்களையும் ஒன்றாகச் சேர்த்து மெல்ல நீட்டினார்.

தூணுக்கு மறைவாக வந்ததும் பிள்ளையை இறக்கிவிட்டு முன்னால் குந்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"அந்த மாமா என்ன கேட்டவர்?"

"அம்மா ஏன் அழுறா எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

பிள்ளை அவள் கையிலிருந்த கண்ணாடியை வாங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக் கவனமாகத் திரும்பவும் அவள் முகத்தில் மாட்டிவிட்டது.

"சித்தி செத்துப்போனா எண்டு சொன்னனான்."

அப்போதுதான் அவளுக்குத் தான் சிரித்தது நினைவுக்கு வந்தது.