ஜெயித்த பக்கம்

“கமா எழுந்துட்டாருய்யா!”

பின்வரிசையில் யாரோ சொல்ல, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடமே சிரித்தது.

வெல்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷ உழைப்பு. வீடு வீடாக ஏறி இறங்கி, சர்ச் வாசலிலும் மாட்டுச் சந்தையிலும் நின்று பேசி, இன்றைக்குத்தான் அவளுடைய தீர்மானம் குடியரசுக் கட்சியின் வட்டார மாநாட்டுக்கு வந்திருக்கிறது. ‘பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளிக்கூடம் பிள்ளைகள் விஷயத்தில் எதுவும் செய்யக் கூடாது.’ ஒற்றை வரி. அதிலும் குறை கண்டுபிடிக்க ஆர்லோவால் மட்டும்தான் முடியும்.

ஆர்லோ அவளுக்கு அடுத்த பண்ணைக்காரர். எந்தத் தீர்மானம் வந்தாலும் ஒரு கமாவையாவது மாற்றச் சொல்வார்; ‘கமா’ என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். கட்சிப் பதவி ஒன்றுக்கு எதிரெதிராக நின்றதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

“‘பெற்றோர்’னு இருக்கற இடத்துல ‘பெற்றோர் அல்லது வளர்ப்போர்’னு மாத்தணும்” என்றார் ஆர்லோ.

“எதுக்கு?” மேடையிலிருந்து கேட்டார் தலைவர் டுவெய்ன்.

“வாசகம் முழுசா இருக்கட்டுமேன்னுதான்.”

வெல்டா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

“வளர்ப்போர்னு ஒரு கதவைத் திறந்து வெச்சா, நாளைக்கு சர்க்காரே வந்து ‘நாங்கதான் வளர்க்கறோம்’னு உக்காந்துக்கும்! பெத்தவங்கன்னா பெத்தவங்கதான். இதுல என்னய்யா சந்தேகம்?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“சரி, ஆர்லோவோட திருத்தம் வேணுங்கறவங்க நில்லுங்க” என்றார் டுவெய்ன்.

நாலைந்து பேர் தயங்கித் தயங்கி எழுந்தார்கள்.

“வேண்டாங்கறவங்க?”

கூடமே எழுந்தது. கூடவே ஆர்லோவும்.

டுவெய்ன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “ஆர்லோ, இது உங்க திருத்தம். அதை எதிர்த்து நீங்களே நிக்கறீங்க.”

“தெரியும். நின்னுட்டேன். எழுதிக்குங்க.”

“ஜெயிக்கற பக்கம் பாத்து சாயறாரு!” என்றது பின்வரிசை.

“முதுகெலும்பை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீரா பெரியவரே?”

வெல்டாவுக்கு அருவருப்பாக இருந்தது. எதிர்த்து நிற்கிற ஆளையாவது மதிக்கலாம். இது என்ன ஜென்மம்?

மூலத் தீர்மானத்துக்கு ஓட்டெடுப்பு சாப்பாட்டுக்குப் பிறகு என்றார்கள். பீன்ஸ் போட்ட மாட்டுக்கறிக் குழம்பும் சினமன் ரோலும். டுவெய்ன் தட்டோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஊர்ப் பள்ளி வாரியத்துக்கும் அவர்தான் தலைவர்.

“கவலையே படாதே வெல்டா. தீர்மானம் நிறைவேறினதும் நம்ம பள்ளிக்கூடத்துல அதை அப்படியே விதியாக்கிடறோம். ஒரு மாத்திரை குடுக்கணும்னாலும் பெத்தவங்க சொல்லணும். அத்தை வந்தேன், பாட்டி வந்தேன்னு யாரும் வாசப்படி மிதிக்க முடியாது. நீதான் பளிச்சுன்னு சொல்லிட்டியே, பெத்தவங்கன்னா பெத்தவங்கதான்!”

வெல்டா கடித்த ரோலைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அவள் தன் வீட்டில் வைத்து வளர்க்கும் பேத்தி பிரின்லிக்கு ஆஸ்துமா. மாதத்தில் நாலு தடவை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். ஓடுவது வெல்டா. பிரின்லியின் தாய், மகள் ஷெல்பி, ஒமாஹா நகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள், லீவு கிடைக்கிறபோதெல்லாம் வந்து போகிறாள் என்பது அவள் ஊருக்குச் சொல்லி வைத்திருக்கும் கதை. போதையில் விழுந்த ஷெல்பி எந்த ஊரில் இருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. குழந்தையின் தகப்பன் திரும்பிப் பார்த்ததே இல்லை. கோர்ட்டுக்குப் போய் முறைப்படி பொறுப்பு வாங்கலாம்தான். வாங்கினால் ஊர் சிரிக்கும்.

தீர்மானத்தில் ‘பெற்றோர்’ என்று எழுதியபோது, அவள் நினைத்துக்கொண்டது தன்னைத்தான்.

“என்ன, சாப்பிடலையா?”

“வயிறு நிறைஞ்சுடுச்சு.”

இப்போது மைக் முன்னால் போய் ‘வளர்ப்போரையும் சேர்க்கலாம்’ என்றால், முதல் கேள்வியே ‘ஏன்?’ என்றுதான் வரும்.

கூட்டம் மறுபடி கூடியது. டுவெய்ன் சுத்தியலைத் தட்டுவதற்குள் ஆர்லோ எழுந்துவிட்டார்.

“காலையில தோத்த திருத்தத்தை மறுபடி ஓட்டுக்கு விடணும்.”

“உக்காருய்யா!”

“தோத்தவங்க அப்படிக் கேக்க முடியாது ஆர்லோ. ஜெயிச்ச பக்கம் நின்னவங்கதான் கேக்கலாம். விதி உங்களுக்குத் தெரியாததா...” டுவெய்ன் பாதியில் நிறுத்தினார்.

“நான் ஜெயிச்ச பக்கம்தான் நின்னேன். எழுதிக்கச் சொன்னேனே.”

வெல்டா திரும்பி ஆர்லோவைப் பார்த்தாள். அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அவள் வீட்டுப் பாதைதான் தெரியும். அந்தப் பாதையில் ஷெல்பியின் கார் வருவதே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் ஆர்லோ.

“எதுக்குய்யா இந்தக் கூத்து? காரணத்தைச் சொல்லும்!” பின்வரிசை கத்தியது.

ஆர்லோ வெல்டா பக்கம் திரும்பவே இல்லை.

“வயசாச்சுப்பா. காலையில எதுக்கு நின்னேன்னு எனக்கே மறந்துபோச்சு.”

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது.

“வழிமொழிய யாராவது இருக்கீங்களா?” சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார் டுவெய்ன்.

யாரும் அசையவில்லை.

வெல்டா எழுந்தாள். “நான் வழிமொழியறேன்.”

“நீயா? ஏன் வெல்டா?”

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படியே விழுங்கினாள்.

“பாவம், பெரியவர் கேக்கறாரு. அவர் ஆசைக்கு ரெண்டு வார்த்தை சேர்த்தா நமக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?”

திருத்தம் ஒரு எதிர்ப்புக்கூட இல்லாமல் நிறைவேறியது. வெல்டாவின் பெரிய மனசுக்குக் கூடமே எழுந்து நின்று கைதட்டியது.

ஆர்லோவும் எழுந்து நின்று தட்டினார்.