காசு செலவில்லாத குடில்

"என் அருவாளை எடுத்தவன் எவனோ, மரியாதையாக் கொண்டாந்து குடுத்துடு! இல்ல, உன் கை விளங்காது, ஆமா!"

மாதா கோயில் வாசலில் சவரியம்மாள் போட்ட கூச்சலில், நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் பசைக் கையோடு நிமிர்ந்தார்கள்.

"பண்டிகையும் அதுவுமா, ஒரு கருக்கருவாளுக்காடி இந்தச் சாபம்?" என்றாள் தெரசம்மாள்.

"தை அறுப்புக்கு உன் பல்லை இரவல் தர்றியா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்கள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடைச் சாமான் எதுவும் கூடாது என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். எல்லாமே கையால் செய்ய வேண்டும், காசு செலவாகக் கூடாது. நாணல் தட்டையைக் கட்டி, பட்டத் தாளைக் கஞ்சிப் பசையால் ஒட்டினால் நட்சத்திரம். கொட்டாங்குச்சியில் நெல்லை முளைக்கவிட்டால் குடிலுக்குப் புல்வெளி. சவரியம்மாள் கையிலும் வாய்க்கால் களிமண்ணில் பிடித்த ஆட்டுக்குட்டி ஒன்று இருந்தது. கையை ஆட்டி ஆட்டிக் கத்தியதில் அதற்கு ஒரு காது போயிருந்தது.

"இருந்த வீடே போயிடுச்சு. இவ அருவாளைத் தேடறா பாரு," என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"வீட்டுக்குக் கத்தினா பெரிய பண்ணை காதுல விழும். அருவாளுக்குத்தானே கத்த முடியும்?" என்றாள் தெரசம்மாள், அதைவிட மெதுவாக.

பெரிய பண்ணை ஞானாதிக்கத்தின் ஜீப் வந்து நின்றது. கூடவே வருவாய்த் துறை ஆர்.ஐ. ரெங்கசாமியும் இறங்கினார்.

குடியிருக்கிற மனை குடியிருக்கிறவருக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. பண்ணையின் மேலத்திடலில் சவரியம்மாளுக்குக் குடிசை இருந்ததா என்று விசாரிக்க வந்தவர் ஆர்.ஐ.

"குடிசையா? அங்க எப்ப இருந்துச்சு? உழுது போட்ட திடலை நீங்களே பார்த்தீங்க. சந்தேகம்னா இவங்களைக் கேளுங்க," என்றார் பண்ணை.

ஆர்.ஐ. பெண்களைப் பார்த்தார். பெண்கள் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். பண்ணை வயலில்தான் எல்லோருக்கும் வேலை.

"களை எடுக்கப் போயிட்டுத் திரும்பி வந்தேன் சார், வீட்டைக் காணும். ஏர் ஓடியிருந்துச்சு," என்றாள் சவரியம்மாள்.

"இவளுக்கு வாய் ஒண்ணுதான் சொத்து. அண்ணன் வீட்ல இருந்தவ. விடுங்க. வந்து நம்ம குடிலைப் பாருங்க," என்றார் பண்ணை.

கோயில் முகப்பில், ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்கு நின்றது குடில். உள்ளே வைக்கோல் மேல் குழந்தை இயேசு. சாமியாருக்கு ஒரே பூரிப்பு.

"பண்ணை குடுத்தது சார். ஒரு காசு செலவில்லை!"

"அசல் மாட்டுத் தொழுவமேதான்! கூரையில புகை படிஞ்ச மாதிரி என்ன ஒரு கறுப்பு! சாயம் அடிச்சீங்களா?"

"எல்லாம் நம்ம ஆளுங்க கைவேலை," என்று மீசையைத் தடவிக்கொண்டார் பண்ணை. பிறகு சவரியம்மாளைப் பார்த்து, "ஏய், அந்த ஆட்டுக்குட்டியை உள்ள வெச்சுட்டு வீடு போய்ச் சேரு," என்றார்.

"எந்த வீட்டுக்குங்க?"

பண்ணை ஆர்.ஐ. பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் குனிந்து உள்ளே போனாள். இடது கை ஆட்டுக்குட்டியைக் குழந்தையின் பக்கத்தில் வைத்தது. வலது கை, தினமும் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறபோது போகிற மாதிரியே, தானாக மேலே போய்க் கூரை எறவானத்துக் கீற்றைத் துழாவியது.

திரும்பியபோது அதில் கருக்கருவாள் இருந்தது.

பெண்கள் அலறினார்கள். ஆர்.ஐ. இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயையோ, வெட்டிடாதே!" என்றார் பண்ணை.

"பயப்படாதீங்க. இதை யாரும் திருடல. நான் செருகி வைக்கிற இடத்துலயேதான் இருக்கு."

ஆர்.ஐ. கூரையில் விரலை வைத்துத் தேய்த்தார். கரி ஒட்டியது.

"பண்ணை, இது யார் வீட்டுக் கூரை?"

"பழைய கீத்துங்க. எங்கயோ கெடந்தது..."

தெரசம்மாள் எழுந்தாள். பசை காய்ந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்கயும் கெடக்கல சார். மேலத்திடல்ல இருந்துச்சு. அது அவ அடுப்புப் புகைதான்."

பண்ணையின் குரல் இறங்கியது. "சரி, சவரியம்மா. புதுக் கீத்து ஒரு வண்டி தர்றேன். உன் அண்ணன் வீட்டோரமா ஒரு சாய்ப்பு போட்டுக்க."

"ஒரு வண்டிக் கீத்துக்கு என் மனையைக் கேக்கறீங்களா? படியாதுங்க."

"ரெண்டு வண்டி!"

"திடலைத் தவிர வேற பேச்சே படியாது."

"அப்ப என்னதான்டி செய்யணும்? பண்டிகையன்னிக்குக் கூரையைப் பிரிச்சு, குழந்தை இயேசுவை வெட்டவெளியில போடச் சொல்றியா?"

"மார்கழிப் பனியில மதகடியில நான் கெடக்கறப்ப யாரும் இப்படிப் பதறலியே!"

சாமியார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

சவரியம்மாள் அருவாளை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பிரிக்க வேணாம். பொம்மையையும் தொட வேணாம். மாதா, சூசையப்பர், குழந்தை, என் காதறுந்த ஆட்டுக்குட்டி, எல்லாத்தோடயும் அப்படியே தூக்குங்க. மேலத்திடல்ல, இருந்த எடத்துலயே கொண்டுபோய் எறக்குங்க. அப்புறம் எவன் ஏர் ஓட்டறான்னு பாக்கறேன். எடுத்தவரு யாருன்னு இப்பவும் நான் பேர் சொல்லல. ஆனா மொதத் தோளு அவரு குடுக்கணும். பனி எறங்கறதுக்குள்ள என் வீடு என் மண்ணுல நிக்கணும்!"