சிவப்பு அணையவில்லை

"பாத்துக்கங்க சொந்தங்களே, நம்ம மருந்தைச் சோதிச்சுப் பாக்க ராம்நாட்டுல பெரிய லேபுக்கே கூப்பிட்டிருக்காக," என்று போனைப் பார்த்துச் சிரித்தார் வைத்தியர் யோகேஸ்வரன்.

நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கடல்பாசி மருந்தைக் குடிக்கும் புற்றுநோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்," என்று போனை வாங்கிக்கொண்டாள் அந்த லேபில் ஆராய்ச்சி செய்யும் சுஹா. மைக்ராஸ்கோப்போடு இணைந்திருந்த திரையை நோக்கித் திருப்பினாள்.

வைத்தியருக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு அவருடைய குரல் மனப்பாடம். அழைப்பு அனுப்பியதே அந்தக் குரலுக்காகத்தான்.

மேசையில் இரண்டு தட்டுகள். இரண்டிலும் ஒரே ஆளின் புற்றுநோய்ச் செல்கள்.

"ஒண்ணுல ஆஸ்பத்திரி மருந்து மட்டும். இன்னொண்ணுல அதே மருந்தோட உங்க பாட்டிலும் சேர்த்து. நோயாளிகளுக்கும் அப்படித்தானே குடுப்பீக?"

"ஆமா தாயி. ஊசி போடப் போறதுக்கு முந்தி நம்ம மருந்து ஒரு மடக்கு. டாக்டருக்குத் தெரிய வேணாம்னு சொல்லித்தான் விடுவேன். அவுக ஒருபக்கம் அடிப்பாக, நம்ம ஒருபக்கம் அடிப்போம். ரெட்டை மாடு பூட்டுன வண்டி."

முதல் தட்டு திரையில் வந்தது. பச்சைப் புள்ளிகள். சுருங்கி, ஓரமெல்லாம் கொப்புளித்து, ஆங்காங்கே சிதறிக் கிடந்தன.

இரண்டாவது தட்டு. சிவப்பு. திரை முழுக்க நெருப்புக் கங்குகளை அள்ளிக் கொட்டியதுபோல.

"இதுல உங்க மருந்து எதுல இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"இதுல என்ன சந்தேகம்? பச்சைதான். எம்புட்டுக் குளுமையா இருக்கு பாருங்க. அந்தச் சிவப்பு இருக்கே, அது ரணம்."

சுஹா போனில் பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்தாள். நேரலையில் இன்னும் கொஞ்சம் பேர் சேரட்டும் என்று காத்திருந்தாள்.

"செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு வைத்தியரே. அடுப்பு மாதிரி. செல்லு உசுரோட இருக்கறதே அதாலதான். ஆனா செல்லு கெட்டு, இனி ஆகாதுன்னு ஆயிட்டா, அந்த அடுப்பே தன் கதவைத் திறந்துவிடும். உள்ள இருந்து ஒரு புரதம் வெளிய வரும். அதுதான் செல்லுக்குச் சாவு உத்தரவு. ஆஸ்பத்திரி மருந்து அந்தக் கதவைத்தான் திறக்க வைக்குது."

வைத்தியர் போனைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நான் போட்டிருக்கற சாயம், அடுப்பு எரிஞ்சா சிவப்பாத் தெரியும். கதவு திறந்து அணைஞ்சா பச்சை."

தலையாட்டல் நின்றது.

"பச்சை, ஆஸ்பத்திரி மருந்து மட்டும் போட்டது. அங்கன புத்து சாகுது. சிவப்புதான் உங்களது. உங்க பாட்டில் போய் அந்தக் கதவை இறுக்கிப் பூட்டிருச்சு. திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்துட்டேன்."

திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புச் செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.

போனில் கேள்விகள் விறுவிறுவென்று ஏறின. வைத்தியர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எவனோ ஒருத்தன் செல்லை வச்சு எப்படிம்மா முடிவு பண்றது? அவன் என்ன பத்தியம் இருந்தானோ. என்னைத் தேடி வந்தவுக யாரையும் நான் சாக விட்டதில்லை."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"எவனோ இல்லை. உச்சிப்புளி சல்மான். என் வீட்டுக்காரவுக. நெஞ்சுல கட்டுன நீரை ஆஸ்பத்திரியில எடுத்தப்ப, அதுல இருந்து நான் வளர்த்த செல்லு இது. 'உன்னைச் சாக விடமாட்டேன் தம்பி'ன்னு நீங்க பேசி அனுப்புனது அவுக போன்ல இன்னும் இருக்கு. அவுக மவுத்தானதுக்கு அப்புறந்தான் நான் அதைக் கேட்டேன், உங்க பாட்டிலைக் குடிச்சதே அப்பத்தான் தெரிஞ்சுச்சு."

அவள் விரல் சிவப்புத் திரையைத் தொட்டது.

"அவுகளை அடக்கி வருசம் திரும்பப் போகுது. இதைத்தான் நீங்க சாக விடலை."

வைத்தியர் போனுக்காகக் கை நீட்டினார்.

சுஹா கொடுக்கவில்லை. மெல்லத் திருப்பி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.