இல்லாத மேடை

எலியைத் தண்ணீரில் விட்டாள்.

வட்டத் தொட்டி. பால்பவுடர் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர். அந்த வெள்ளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி நீந்திப் போகிறது.

சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் செருகும்.

ஒரு வாரமாக இதே தொட்டி, இதே எலி. தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு சின்னக் கண்ணாடி மேடை இருந்தது. எலி தேடிக் கண்டுபிடித்து ஏறி நிற்கும். முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும். சுவரில் ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தையும் முக்கோணத்தையும் வைத்து இடத்தைப் பழகிக்கொள்ளும்.

இன்றைக்கு மேடை இல்லை. காலையில் அவளே எடுத்துவிட்டாள்.

இதுதான் பரீட்சை. மறந்துபோன எலி தொட்டி முழுக்க அலையும். மறக்காத எலி, மேடை இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும்.

இது வயதான எலி. மறதி வந்த எலி. அவளுடைய ஆராய்ச்சி மருந்தை மூன்று மாதமாகக் குடித்த எலி. மருந்து வேலை செய்ததா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கழுத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. காதில் இன்னும் அண்ணன் குரல்.

காலையில் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டிருந்தான். "கோயம்புத்தூர் முதியோர் ஹோம்ல ஒரு ரூம் காலியாயிருக்கு. சாயங்காலத்துக்குள்ள சொல்லியாகணும். வீடியோவுல பார்க்கிறேன்ல, அம்மா சும்மா ஹாலையே சுத்திட்டிருக்காங்க. அப்பா போனதே தெரியல. அவங்களுக்கு எங்க இருந்தா என்ன?"

அவளும் சரி என்றுதான் சொல்லப்போகிறாள். அலுத்துப் போயிருந்தாள்.

எலி ஓரமாகப் போனது. தயங்கியது. திரும்பியது.

மேடை இருந்த இடத்துக்கு வந்தது. சுற்றியது. கொஞ்சம் விலகிப் போனது. ஏதோ ஞாபகம் வந்தாற்போல மறுபடி வந்து அங்கேயே சுற்றியது. இல்லாத ஒன்றை மூக்கால் தொட்டுப் பார்த்தது.

"ஜெயிச்சிட்டடி," என்றாள் கூட வேலை செய்யும் மரியம்.

அவள் எலியைத் தூக்கவில்லை. மேடையைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தாள்.

எலி ஏறி நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"ஆரம்பிச்சிட்டா. இது எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?" என்றாள் மரியம்.

எதிலும் இல்லை. பரீட்சை முடிந்ததும் மேடையைத் திருப்பி வைப்பது அவள் வழக்கம். இவ்வளவு தேடினதுக்குக் கிடைக்க வேண்டாமா, பாவம்.

*

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் கிளம்பிவிட்டாள்.

மேற்கு ஜன்னல் வழியே வெயில் ஹால் முழுக்க நிறைந்திருந்தது. சுவர், தரை, திரைச்சீலை எல்லாம் ஒரே வெளுப்பு. அதற்குள் அம்மா நடந்துகொண்டிருந்தாள். மெல்ல. காலடி கேட்காமல்.

கையில் காபி டம்ளர். குடிக்க மாட்டாள். ஆறிப்போகும்வரை ஏந்திக்கொண்டே நடப்பாள்.

அவள் வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தான்.

"சொல்லு. சரின்னு சொல்லிடவா?"

அவள் வாயைத் திறந்தாள்.

அம்மா டிவி பக்கம் போனாள். தயங்கினாள். திரும்பினாள்.

ஜன்னலோர மூலைக்கு வந்தாள். சுற்றினாள். சமையலறை வாசல்வரை போனாள். மறுபடி வந்து அந்த மூலையையே சுற்றினாள். டம்ளரைக் கொஞ்சம் தாழ்த்தி, காற்றில் எதன்மேலோ வைக்கப் போனாள். வைக்க ஒன்றும் இல்லை. திரும்ப ஏந்திக்கொண்டாள்.

அந்த மூலையில்தான் முன்பு அப்பாவின் நாற்காலி இருந்தது. காரியம் முடிந்த அன்று சித்திதான் சொன்னாள், கண்ணில் பட்டால் அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள், எடுத்துப் போட்டுவிடு என்று. அவளே எடுத்தாள். அம்மா ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. மறந்துவிட்டாள், நல்லதாகப் போயிற்று என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

எத்தனை எலிகளைப் பார்த்தாயிற்று. வீட்டில் பார்க்கத் தெரியவில்லை. என்ன படிப்பு படித்தாளோ.

"ஹலோ? இருக்கியா?"

"இரு. வந்துடறேன்."

போனை ஜன்னல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கிடந்தது. அகலக் கைப்பிடி வைத்த மர நாற்காலி. காக்கை எச்சம், தூசி. துப்பட்டாவால் துடைத்தாள். வலது கைப்பிடியில், வருஷக்கணக்காக டம்ளர் வைத்து வைத்துப் பதிந்த வட்டம் மட்டும் துடைத்தும் போகவில்லை.

இறக்கிக் கொண்டுவந்தாள். பழைய இடத்தில் போட்டாள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் இடித்தது. அதைக் கழற்றவே மறந்திருந்தாள்.

அம்மா நின்றாள்.

நாற்காலியைப் பார்த்தாள். கிட்டே வந்தாள். குனிந்து, டம்ளரை அந்த வட்டத்தின்மேல் சரியாக வைத்தாள்.

"எங்கடி கொண்டுபோய் வச்சிருந்தே, இவ்வளவு நாளா?"

போனில் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.