சிவப்புக் கயிறு கட்டிய பாட்டில்

மலையேற்றக் குழுவில் ஒருத்தருக்கும் அண்ணாந்து குடிக்கத் தெரியவில்லை. பொது பாட்டிலில் கூட வந்த பல் டாக்டரே வாய் வைத்தார். குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம் சார், குடிங்க."

"இந்தக் கண்றாவியெல்லாம் உங்க வீட்டோட வெச்சுக்குங்க."

நல்லவேளை, கூடாரத்துக்குப் பின்னால் தனியாக ஒரு பாட்டில் இருந்தது. சிவப்புக் கயிறு கட்டியது. யாரும் அதில் குடித்து நான் பார்க்கவில்லை. பைக்குள் ஒளித்துக்கொண்டேன். மூன்று நாளும் ஓடைத் தண்ணீரை நிரப்பி, எனக்கு மட்டும்தானே என்று வாய் வைத்தே குடித்தேன்.

கடைசி நாள் வழிகாட்டி எல்லாரையும் நிறுத்தினார்.

"சிவப்புக் கயிறு பாட்டிலை யாரு எடுத்தது? மூணு நாளா எல்லாரும் இலை தழையை வெச்சு சமாளிக்கிறாங்க."

"எதை?" என்றேன்.

"காலைல புதர்ப் பக்கம் ஒதுங்கினா கழுவ வேண்டாமா சார்? அஞ்சு வருஷமா அதுக்குன்னே இருக்கிற பாட்டில்."